தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை பறவை பார்க்க வரவேண்டாம்

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு, தங்கள் மருமகளைப் பெற்றவன் இரு கரம் கூப்பி எழுதிக்கொள்வது.

தாங்களும் சம்பந்தி அம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் வலி இந்தப் பின்பனிக் குளிரில் எப்படி இருக்கிறது என்று அறிய ஆவல். கடலில் இருக்கும் மாப்பிள்ளையிடமிருந்து முந்தாநாள் சேதி வந்தது. அவரும் கப்பலும் நலம். இங்கே தங்கள் மருமகள் நலம். அவள் வயிற்றில் இருக்கும் ஒன்பது மாதச் செல்வமும் நலம். நலமில்லாதவன் நான் ஒருவன்தான், அதுவும் உடம்பால் அல்ல.

தாங்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை டெலஸ்கோப்புடன் இங்கே வருவதாக மருமகளிடம் போனில் சொன்னீர்களாம். சம்பந்தி வருகிறார் என்றால் தெருமுனை வரைக்கும் ஓடிவந்து அழைக்க வேண்டியவன் நான். அந்த வாயாலேயே கேட்டுக்கொள்கிறேன், தயவுசெய்து வராதீர்கள். ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன். படித்ததும் கடிதத்தை எரித்துவிடுங்கள். எரிக்கும்போது பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். இந்த வீட்டுச் சுவர் மெல்லிசு, என் குரல் பெரிசு, மகள் படுத்திருப்பது பக்கத்து அறையில்.

தாங்கள் அறிந்ததுதான், பதினைந்து நாளைக்கு முன் டாக்டர் அவளுக்குப் பிரஷர் ஏறியிருக்கிறது என்று சொல்லிப் பிரசவம் வரை படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்றுவிட்டார். கோபம், கவலை, அதிர்ச்சி மூன்றும் ஆகாதாம். அவளோ கடலோரச் சரணாலயத்துக்குக் காப்பாளர். பின்பனி முடிவதற்குள் அங்கே நாணல் வெட்ட வேண்டும், மதகுப் பலகையை ஒவ்வொன்றாக எடுத்துக் குளத்துத் தண்ணீரைக் குறைக்க வேண்டும், குளத்து நடுவில் இருக்கும் சின்னத் தீவில் களை பிடுங்கிக் கிளிஞ்சல் பரப்ப வேண்டும். அதற்குமேல் பறவைகள் ஜோடி சேர்ந்து இடம் பார்க்க ஆரம்பித்துவிடும். மனிதன் கை வைக்கக் கூடாது. போன வருஷம் ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்தத் தீவில் ஒரு ஜோடி உப்புக்கொத்தி முட்டை வைத்ததும், வேடிக்கை பார்க்க வந்த ஒருத்தர் கூழாங்கல் என்று நினைத்து அதன்மேல் காலை வைத்ததும் தாங்கள் அறிவீர்கள். அன்றைக்கு அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாய்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்தாள்.

ஆகவே இந்த வருஷம் நானே போகிறேன் என்றேன். நான் போகாவிட்டால் அவள் எழுந்து போய்விடுவாள் என்கிற பயத்தில் சொன்னது. “நாணல் வெட்ற மேஸ்திரி அம்மாவுக்கு எல்லாம் தெரியும்பா. நீங்க சும்மா கூட இருந்தா போதும். சாயங்காலம் குடில்ல உக்காந்து பறவைய எண்ணிட்டு வந்து சொல்லுங்க, நான் நோட்ல எழுதிக்கறேன். ஒண்ணே ஒண்ணு, களை எடுத்து முடிச்சப்புறம் அந்தத் தீவுல ஒருத்தர் கால் படக் கூடாது” என்றாள். சும்மா இருந்தால் போதும் என்று அவள் தெளிவாகச் சொன்னாள். அதை நான் கேட்கவில்லை, சம்பந்தி. என் தப்பு அங்கேதான் தொடங்குகிறது.

நான் நூற்பாலையில் முப்பத்துநாலு வருஷம் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்தவன். ஒரு இடத்துக்குள் நுழைந்தால் மற்றவர்களுக்கு அந்த இடம் தெரியும், எனக்கு அங்கே விழப்போகிறவர்கள் தெரிவார்கள். சரணாலயத்துக்குள் முதல் நாள் கால் வைத்ததுமே எனக்கு வியர்த்துவிட்டது. மதகுக்குக் கைப்பிடி இல்லை. பலகைப் பாலத்தில் பாசி. ஆறு பேர் கையில் ஆறு அரிவாளை வைத்துக்கொண்டு நாணலுக்குள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் வெட்டுகிறார்கள். நானாக இருந்தால் அந்த ஆறு பேரையும் ஆறு வெவ்வேறு நாளில் வரச்சொல்லியிருப்பேன். குளத்துச் சேறு எங்கே தொடங்குகிறது, தரை எங்கே முடிகிறது என்று ஒரு கோடுகூட இல்லை. நான் விசில் ஒன்று வாங்கிக்கொண்டு போய் அரைமணிக்கு ஒருதரம் ஊதித் தலையெண்ணினேன். மூன்றாம் நாள் மேஸ்திரி அம்மா வந்து, “ஐயா, நாங்க ஆறு பேருதான். காலைலயும் ஆறு, இப்பவும் ஆறு. ராத்திரிக்குள்ள ஏழாக மாட்டோம். அந்தப் பீப்பியக் கொஞ்சம் பையில வைங்க” என்றார். பையில் வைத்தேன். அதுவரைக்கும்கூடப் பறவைகள் பொறுத்துக்கொண்டிருந்தன. அன்று மாலை குடிலிலிருந்து இருநூற்றுப் பதினான்கு எண்ணினேன். பொய்யில்லாத கடைசிக் கணக்கு அதுதான்.

மறுநாள் தீவில் களை எடுத்து முடித்தார்கள். கிளிஞ்சல் பரப்பித் தீவு பளிச்சென்று இருந்தது. கடல் ஏற்றம் அதிகமாக இருக்கும், நாலு நாள் வேலைக்கு வரமாட்டோம் என்று சொல்லி ஆட்கள் போய்விட்டார்கள். எனக்கு மகள் சொன்னது ஞாபகம் வந்தது: தீவில் ஒருத்தர் கால் படக் கூடாது. நான் இருந்த ஆலையில் ஒரு இடத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது என்றால் என்ன செய்வோம்? டேப் கட்டுவோம். கடைத்தெருவில் ஒரு சாமான் கடைக்குப் போய், தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கிற மாதிரி டேப் வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் வெள்ளி என்று ஒன்றை எடுத்துப் போட்டு, “எத்தனை ஏக்கர் சார்?” என்றார். எவ்வளவு பொறுப்பான கேள்வி என்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பன்னிரண்டு சுருள் வாங்கினேன். அதோடு விட்டேனா? பலகையில் ‘ஆபத்து: சேறு’, ‘ஆபத்து: தண்ணீர்’, ‘ஆபத்து: மதகு’ என்று சிவப்பு மையில் என் கையாலேயே எழுதினேன். தீவைச் சுற்றி மூன்று வரிசை, குளத்தைச் சுற்றி இரண்டு வரிசை, வரப்புப் பாதை நெடுக ஒரு வரிசை. முட்டிவரை தண்ணீரில் நின்றுகொண்டு ஒண்டி ஆளாகக் கட்டி முடித்தேன், சம்பந்தி. கடல் காற்றில் அத்தனை டேப்பும் பளபளவென்று திரும்பித் திரும்பி மின்னின. காற்று பலத்தபோது ‘உர்ர்’ என்று ஒரு சத்தமும் வந்தது. பார்க்கப் பார்க்க எனக்குத் தூக்கமே வந்துவிடும் போல அப்படி ஒரு நிம்மதி.

அன்று மாலை குடிலில் உட்கார்ந்தேன். பறவைக்குத் தெரியாமல் பறவையைப் பார்ப்பதற்காகக் கட்டிய பலகைக் குடில் அது. பறவைகளுக்கு நான் தெரியவில்லை. எனக்கும் பறவைகள் தெரியவில்லை. ஒரு காக்கை மட்டும் வந்தது, தீவைப் பார்த்தது, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. வார விடுமுறை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மகள் தலையணையில் சாய்ந்துகொண்டு, நோட்டைத் திறந்து வைத்து, பேனா மூடியைக் கழற்றிக் காத்திருக்கிறாள். கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றியிருக்கிறாள். காலையும் மாலையும் அவளே பார்த்துக் குறித்துக்கொள்கிறாள். “எவ்வளவுப்பா இன்னிக்கு?” என்றாள். ஒரு காக்கை, அதுவும் தங்கவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து மெஷின் ‘புஸ்ஸ்’ என்று மூச்சு விட்டது. “இருநூத்திப் பதினேழு” என்று சொல்லிவிட்டேன். “மூணு ஏறியிருக்கே! உப்புக்கொத்தி ஜோடி வந்துச்சா?” “வந்துச்சும்மா.” “என்னப்பா பண்ணிக்கிட்டு இருந்துச்சு?” உப்புக்கொத்தி என்ன பண்ணும் என்று எனக்கு என்ன தெரியும்? “பேசிக்கிட்டு இருந்துச்சு” என்றேன். அவள் முகம் மலர்ந்தது பாருங்கள், அதைப் பார்த்த பிறகு சொன்னதை வாபஸ் வாங்க எந்தத் தகப்பனால் முடியும்?

அதிலிருந்து தினமும் பொய். ஒரே எண்ணைச் சொன்னால் சந்தேகம் வரும் என்று ஒருநாள் இருநூற்றுப் பத்து, ஒருநாள் இருநூற்று இருபத்தொன்று என்று ஏற்றி இறக்கிச் சொன்னேன். பெயர் கேட்பாளே என்ற பயத்தில் பகல் முழுக்கக் காலிக் குடிலில் உட்கார்ந்து பறவைப் புத்தகத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். முதல் நாள் உள்ளான், ஆலா, நாரை என்று யோக்கியமாகத்தான் போனேன். பொய்யில் ஒரு ருசி இருக்கிறது, சம்பந்தி, உங்களிடம் மறைப்பானேன். நாலாம் நாள் படம் அழகாக இருக்கிறதே என்று மரங்கொத்தி ஒன்று என்று சொல்லிவிட்டேன். அவள் பேனாவை நிறுத்தி, “தீவுலயாப்பா?” என்றாள். “ஆமாம்மா, தீவுலதான்.” “அங்க மரமே இல்லியேப்பா.” “அதான் பாவம், தேடிக்கிட்டு இருந்துச்சு” என்றேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு குனிந்து ‘மரங்கொத்தி: 1’ என்று எழுதிக்கொண்டாள்.

கடல் ஏற்றம் இறங்கி ஆட்கள் திரும்பி வந்தார்கள். மேஸ்திரி அம்மா வரப்பில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டார். அரிவாளைக் கீழே வைத்தார். “யாரு ஐயா இதக் கட்டினது?” என்றார். நான்தான் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். “எங்க வயல்ல கதிர் முத்தினா நாங்க இதத்தான் கட்டுவோம். ஒரு குருவி அண்டாது. பறவைய விரட்டறதுக்குன்னே கடைல விக்கிற டேப்பு ஐயா இது” என்றார்.

எனக்குக் காலுக்குக் கீழே தரை இருப்பதாகவே தெரியவில்லை. அடுத்த நிமிஷம் அது நிஜமாகவே இல்லை. டேப்பை அறுத்தெறிகிறேன் என்று அவர்கள் தடுக்கத் தடுக்கத் தீவுப் பக்கம் ஓடினவன், நேராகப் போய்த் தொடைவரை சேற்றில் இறங்கிவிட்டேன். எங்கே தெரியுமா? ‘ஆபத்து: சேறு’ என்று நானே எழுதி நட்ட பலகைக்குப் பக்கத்தில். அந்தப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விசிலை எடுத்து ஊதினேன். பழக்கதோஷம், ஆறு பேரும் தலையெண்ண வசதியாக வரிசையில் நின்றார்கள். அப்புறம் விஷயம் புரிந்து, இரண்டு பலகையைப் போட்டு, மேஸ்திரி அம்மா அக்குளில் கைகொடுத்து இழுத்தார். ஒரு செருப்பு சேற்றிலேயே இருக்கிறது. சாயங்காலத்துக்குள் அத்தனை டேப்பையும் எடுத்துவிட்டோம்.

எடுத்து ஆறு நாள் ஆகிறது. ஒரு பறவை திரும்பவில்லை. நாணலை வெட்டியாகிவிட்டது, தண்ணீர் சொன்ன அளவுக்கு இறங்கிவிட்டது, தீவு கல்யாண வீடுபோலக் காத்திருக்கிறது, வரவேண்டியவர்கள் வரவில்லை. “மனசு விட்டுப் போச்சுன்னா அதுங்க வேற இடம் பாத்துரும் ஐயா. இந்த வருஷம் அவ்வளவுதான்” என்று மேஸ்திரி அம்மா சொல்லிவிட்டார். அவள் வருஷம் முழுக்கக் காத்திருந்த ஜோடியை நான் பன்னிரண்டு சுருள் டேப்பால் விரட்டிவிட்டேன்.

சம்பந்தி, இவ்வளவு நேரம் ஏதோ வேடிக்கைபோல எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு வேடிக்கையாக இல்லை. இவள் அம்மாவுக்கும் இதே ஒன்பதாம் மாதம்தான், இதே பிரஷர்தான். குழந்தையை என் கையில் கொடுத்தார்கள், அவளைக் கொடுக்கவில்லை. அன்றையிலிருந்து நான் பயப்படுவதையே பிழைப்பாக வைத்துக்கொண்டேன். ஆலையில் அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். அந்த மெஷின் காலையில் ‘புஸ்ஸ்’ என்று அடங்கி எண் வருகிறவரைக்கும் நான் கதவுக்கு வெளியே நின்று மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். டாக்டர் அதிர்ச்சி கூடாது என்றார். தீவு காலி என்பது அவளுக்கு எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தக் குழாய்ச் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன்.

இந்த நிலையில்தான் நேற்று அவள், “மாமா ஞாயித்துக்கிழமை வர்றாருப்பா. நீங்க பாத்த மரங்கொத்தியப் பத்திச் சொன்னேன். அப்பவே டெலஸ்கோப்பத் துடைக்க ஆரம்பிச்சுட்டாரு” என்றாள். தாங்கள் கல்யாண மேடையில் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போதே மண்டபத்துக் கூரையில் ஏதோ கூவியது என்று இறங்கிப் போனவர். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஒரு பையனுக்கு அரை மார்க்கைச் சும்மா போடாதவர். தாங்கள் அந்தக் குடிலில் உட்கார்ந்து பூஜ்யம் என்று எண்ணிவிட்டு, இங்கே வந்து அவள் முகத்தைப் பார்த்துப் பூஜ்யம் என்றுதான் சொல்வீர்கள். அதனால்தான் கேட்கிறேன். தங்களுக்கு ஜலதோஷம் என்று வைத்துக்கொள்ளலாம். டெலஸ்கோப்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். வந்தே தீருவேன் என்றால், வாழ்க்கையில் ஒரே ஒருதரம், எனக்காக இல்லை, நம் இருவருக்கும் வரப்போகிற பேரக்குழந்தைக்காக, இருநூற்றுப் பதினெட்டு என்று சொல்லுங்கள். உப்புக்கொத்தி ஜோடியைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லுங்கள். மரங்கொத்தியை வேண்டுமானால் விட்டுவிடுங்கள், அது பறந்துபோயிருக்கும். குழந்தை நல்லபடியாகப் பிறந்து, அவளும் எழுந்து உட்கார்ந்த பிறகு, அத்தனையையும் நானே சொல்லித் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

சம்பந்தி அம்மாவுக்கு என் நமஸ்காரம். குளியலறையில் கால்மிதி போட்டு நடக்கச் சொல்லவும். தங்கள் குடும்பத்தில் எல்லோரும் நீண்ட ஆயுளோடும் உடையாத எலும்போடும் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மகனுக்குப் பெண் கொடுத்து, தங்களை நம்பியிருக்கும்
சம்பந்தி

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் படிக்காததாக நினைத்துக்கொள்ளவும். தங்கள் வீட்டுக் கதவு எண் எனக்குச் சரியாக ஞாபகம் வரவில்லை. மகளிடம் கேட்டேன். “குடுங்கப்பா, நான் எழுதறேன்” என்று கையை நீட்டினாள். மாட்டேன் என்றால் சந்தேகம் வருமே என்று கொடுத்துவிட்டேன். கவரை ஒட்டியிருந்தேன், பசை இன்னும் காயவில்லை. அவள் பிரித்துப் படித்தாள். ஒரு பக்கம் விடாமல் படித்தாள். தோள் குலுங்க ஆரம்பித்தது. நான் மெஷினை எடுத்துக்கொண்டு ஓடினேன். அழவில்லை, சம்பந்தி, சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வர, மூச்சு முட்டச் சிரிக்கிறாள். “இங்க வாங்க” என்று கட்டிலுக்கு மறுபக்கம் இருக்கும் ஜன்னலுக்கு என்னை இழுத்தாள். மூன்றாம் மாடி ஜன்னல், கம்பியில் ஒரு திருகு தளர்ந்திருக்கிறது, ஆகையால் நான் அந்தப் பக்கம் போகிற வழக்கமே இல்லை. எதிரே மீன் குளிர்பதனக் கிடங்கின் மொட்டை மாடி. வெயிலுக்காக அங்கே சரளைக்கல் பரப்பியிருக்கிறார்கள். அந்தச் சரளை முழுக்கப் பறவை. என் பறவைகள். நான் டேப் கட்டின மறுநாள் காலையிலிருந்து அங்கேதான் இருக்கின்றனவாம். அவள் படுத்தபடியே தினமும் பைனாகுலரில் எண்ணியிருக்கிறாள்; நான் சொன்ன எண்ணை இடதுபக்கம், நிஜ எண்ணை வலதுபக்கம் எழுதி வைத்திருக்கிறாள். உப்புக்கொத்தி ஜோடி மூலையில் இருக்கிறது. ஆண் பறவை நெஞ்சால் சரளையைத் தள்ளித் தள்ளிக் குழி பண்ணுகிறது. கிடங்கு மேனேஜருக்குப் போன் போட்டு, மாடிக் கதவைப் பூட்டச் சொல்லிச் சாவியையும் வாங்கி வைத்துவிட்டாள்.

“ஏம்மா என்கிட்ட சொல்லல?” என்றேன். “தினமும் வேர்த்து விறுவிறுத்து வந்து நீங்க கணக்குச் சொல்லும்போது உங்க மூஞ்சியப் பாத்தேன்பா. டாக்டர் எனக்குச் சொன்னது உங்களுக்கும்தான்னு தோணிச்சு. அதிர்ச்சி வேணாம்னு விட்டுட்டேன். பிரஷர் பாருங்க, நூத்தி இருபது” என்று மெஷினைத் திருப்பிக் காட்டினாள். மறுபடி மரங்கொத்தியை நினைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பிலேதான் பனிக்குடம் உடைந்துவிட்டது.

அவளே ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினாள், தங்களுக்கும் பண்ணிவிட்டாள். ஆகவே இந்தக் கடிதம் வருவதற்கு முன் தாங்கள் இங்கே வந்திருப்பீர்கள். பின்னே ஏன் எழுதுகிறேன் என்றால், வண்டி வருகிறவரைக்கும் கை சும்மா இருந்தால் டேப்பைத் தேடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், இப்பவே கிளம்பி வாங்க. டெலஸ்கோப் வேண்டாம். அம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க. எனக்குப் பயமா இருக்கு, சம்பந்தி, இதுக்கு என்ன பலகை எழுதி வைக்கிறதுன்னு தெரியல. கீழே வண்டிச் சத்தம் கேட்கிறது. அவள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவருகே நின்று, “வாங்கப்பா போலாம், படி ஈரமா இருக்கு, பாத்து இறங்குங்க” என்கிறாள்.